மயிலம் டிப்போ டிரைவர்

திண்டிவனத்தில் என் மாவு மில் வாசலில் நின்றால் தினமும் காலையில் ஒரு கூத்து பார்க்கலாம். ஒரு பழைய ஸ்கூட்டர் வரும். அதன் பின்னால் ஒரு பஸ், ஒரு கரும்பு டிராக்டர், ஏழெட்டு பைக்குகள், எல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே வரும். ஸ்கூட்டர்காரன் அசைய மாட்டான். முள் இருபதைத் தாண்டாது. பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்துவான், எட்டிப் பார்ப்பான், அளவெடுத்ததுபோல் மெதுவாக இறக்கி ஏற்றுவான். "யோவ், இன்னா பொணத்தையா ஏத்திக்கினு போற?" என்று பின்னால் வருகிறவன் கத்துவான். ஸ்கூட்டரில் இருப்பது ரேஷன் அரிசி.

அந்த ஆள் என் சகலை அமலதாஸ். பட்டாளத்தில் இருந்தவரை அவன் லாரியில் ஏற்றிப் போனது ஏவுகணை. ஓய்வு பெற்று வந்தபிறகு ஏற்றி வருவது அரிசியும் கேப்பையும். இரண்டுக்கும் அவனிடம் ஒரே மரியாதைதான். போன வாரம் என் மில்லிலிருந்து மிளகாய்த்தூள் வாங்கிப் போனான். பையின் நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி, கட்டியதை இழுத்துப் பார்த்து, பத்தடி போய் இறங்கி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தூளை அவன் கண்ணிலேயே தூவலாம் போலிருந்தது.

கண்டமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. அப்பா விருத்தாசலம் கரும்பு வெட்டும் கூலி. சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளி ஒருவன் கிளம்பியிருக்கிறான். அவன் கழற்றிப் போடும் சட்டையைப் பிடித்துக்கொள்ளத்தான் அமலதாஸ் கூடப் போனான். ஓடு என்றார்கள், இவனும் ஓடினான். கூட்டாளி பாதியில் குந்திவிட்டான். இவன் சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடி முடித்து ராணுவ டிரைவர் ஆனான். வடக்கே எங்கேயோ ஏவுகணைக் கிடங்கில் வேலை. எங்கே என்று அவன் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். என் மாமியார் சவுரியம்மாளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அந்தோணிமேரியை நான் கட்டினேன். சின்னவள் அக்னஸ். மாமனார் நாக்பூர் லைன் லாரி டிரைவர். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வீட்டுக்கு வருவார். ஒரு தடவை அவருக்குப் பதில் தந்திதான் வந்தது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றக்கூட இவர்களால் போக முடியவில்லை. அதிலிருந்து அக்னஸுக்கு ஒரே பிடிவாதம். "எனக்கு நகை வேணாம், வூடு வேணாம். ராத்திரி வூட்டுக்கு வந்து சோறு தின்ற ஆளா பாரு. அது போதும்." அதற்காகவே துபாய்க்காரன் ஒருவனையும், பம்பாயில் கம்பெனி வேலைக்காரன் ஒருவனையும் வேண்டாமென்று தள்ளியிருந்தாள்.

அப்போதுதான் ஒரு கோவில் திருவிழாவில் விருத்தாசலம் என் மாமியாரிடம் வாயைக் கொடுத்தார். அந்த வாயில் முன்பல் நாலும் கிடையாது. கரும்பு கடித்தே போனது. மகன் லீவில் வந்தபோது, "மிசைல் டிப்போல டிரைவரா கீறேன், யாருகிட்டயும் சொல்லாத" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். பெற்ற மனசு தாங்குமா? பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் வார்த்தையின் நடுவில் இருந்த 'சை' பல் சந்து வழியாகக் காற்றாகப் போய்விட்டது.

"எம்மவன் மிஹைல் டிப்போல டிரைவரு. சர்க்காரு வண்டி!"

சவுரியம்மாள் காதில், "மைலம் டிப்போல டிரைவரு" என்று தேன் மாதிரி விழுந்தது. மயிலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அரசு பஸ் டிரைவர், மாதச் சம்பளம், பென்ஷன், டூட்டி முடிந்தால் நேரே வீடு. மாமியார் அந்தோணியாருக்கு அங்கேயே ஒரு கட்டு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "மயிலத்துல ஏது அத்தே டிப்போ? பஸ்ஸெல்லாம் நம்ம திண்டிவனம் டிப்போலேர்ந்துதான போவுது?" என்று கேட்டேன்.

"புச்சா தொறந்திருப்பாங்க. மாவு மில்லுலயே குந்திக்கினு கீற உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

மூத்த மாப்பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? அன்று பாயசம் இரண்டாம் தடவை வாங்காமல் எழுந்துவிட்டேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பெண் பார்க்க அமலதாஸ் வந்தான். ஒட்ட வெட்டிய கிராப்பு. "வேளாங்கண்ணியில மொட்டை போட்டிருப்பாரு, இப்பத்தான் வளருது" என்று மாமியாரே அதற்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டாள். அவன் வேலையைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே கேட்டதற்கு மட்டும் அளந்து பதில் சொன்னான்.

"வண்டியில கூட்டம் ரொம்ப இருக்குமாங்க?" என்று கேட்டாள் அக்னஸ்.

"ஆளே ஏத்தமாட்டோம்ங்க."

"அப்பறம்?"

"எங்க சார் எத ஏத்தச் சொல்றாரோ அத மட்டுந்தான்."

"ரொம்ப ஸ்பீடா ஓட்டுவீங்களா?"

"ஐயோ! இருபதுக்கு மேல போனா வேலை போய்டும்ங்க. பிரேக்கு கூட டக்குனு போடக்கூடாது."

மாமியார் என் பக்கம் திரும்பி, "எவ்ளோ நிதானமான புள்ள பாருங்க" என்றாள். நான் ஒருமுறை டி.வி.எஸ். ஃபிப்டியில் போய் அவள் வளர்த்த கோழி மேல் ஏற்றியதைத்தான் அப்படிச் சுட்டிக் காட்டினாள். அக்னஸ் கதவோரம் நின்று சிரித்தாள். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கல்யாணம் ஆயிற்று.

ஒரு வாரம் போயிருக்கும். மாமியார் வீட்டில் மறுவிருந்து. நானும் விருத்தாசலமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அமலதாஸ் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தான். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது.

"இன்னா மாப்ள, மயிலத்துக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி? டவுன் பஸ்ல ஏத்தமாட்டானே" என்றாள் மாமியார்.

"மயிலத்துக்கா? நான் எதுக்கு அத்தே மயிலம் போறேன்? மெட்ராஸ் போய் ரயில் புடிக்கணும்."

"டிப்போக்குப் போறதுக்கு ரயிலா?"

"ஆமா அத்தே. போய்ச் சேர மூணு நாளு ஆவும்."

அக்னஸ் அடுப்பை விட்டு வந்து நின்றாள். "எந்த டிப்போ?"

அமலதாஸ் கூரையைப் பார்த்தான். "அது சொல்லக்கூடாது."

விருத்தாசலம் மகனுக்கு உதவுவதாக நினைத்து, "மிஹைல் டிப்போ, மிஹைல்!" என்று கத்தினார். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்ட எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "மிசைல் அத்தே! ஏவுகணை! மாப்ள பட்டாளத்துல ராக்கெட்டு ஓட்டறாரு! நான் அப்பவே கேட்டனே, மயிலத்துல ஏது டிப்போன்னு!" என்றேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்னஸ் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பாரும் இப்பிடித்தான் பொட்டியத் தூக்கிக்கினு போவாரு" என்றாள். பெண் பார்க்கும்போது 'ங்க' போட்டுப் பேசியவள் அன்றைக்கு 'நீ'க்கு மாறினாள். "நீ போ. உன் வேலைய நான் கெடுக்கல. நான் எங்கம்மா வூட்லயே கீறேன். ராத்திரி சோத்துக்கு வூட்டுக்கு வர்ற மாதிரி மாத்தல் வாங்கிக்கினு வா. அப்ப குடும்பம் பண்ணலாம்."

"அங்க குடும்பத்தோட இருக்கறதுக்கு க்வார்ட்டர்ஸ் குடுப்பாங்க அக்னஸ்..."

"எங்க அப்பாரு போன தெசைக்கு நான் வரமாட்டேன்."

அவ்வளவுதான். அதோடு சரி. வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவான். மாமியார் வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து தின்பான். அக்னஸ் பரிமாறுவாள், பேச மாட்டாள். "மாத்தல் வந்துச்சா?" என்று மட்டும் கேட்பாள். இந்திய ராணுவம் மயிலத்தில் கிளை திறப்பதாக இல்லை. மூன்று வருஷம் ஓடியது. அறுத்துவிடவும் முடியாது, சேர்ந்து வாழவும் முடியாது என்று இரண்டு பேரும் இரண்டு திசையில் கிடந்தார்கள். எனக்கு அவன்மேல் ஆயிரம் எரிச்சல் உண்டு. ஆனாலும் லீவு முடிந்து அவன் பஸ் ஏறுகிறபோது அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்து ஏற்றிவிடுவேன்.

அவன் வேலை என்ன என்று லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். அதிலும் பாதியை விழுங்கிவிடுவான். ஏவுகணை என்றால் வானத்தில் பாய்கிற சமாச்சாரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதன் ஆயுளில் பெரும்பகுதி அது பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறதாம். அது தூங்கும் கொட்டகையைச் சுற்றி மண்ணை மேடாகக் கொட்டி வைப்பார்களாம். ஒரு கொட்டகைக்கு ஏதாவது ஆனாலும் பக்கத்துக் கொட்டகைக்குப் பரவக்கூடாது. சுற்றிலும் புல் வளர விடமாட்டார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போச்சு. அதனால் நாட்டின் பாதுகாப்புக்காக அமலதாஸ் நிறையப் புல் வெட்டியிருக்கிறான். தீப்பெட்டி, பீடி, லைட்டர் எல்லாம் கேட்டிலேயே கொடுத்துவிடவேண்டும்.

"சூடு ஏறக்கூடாது அண்ணே, ஈரம் பூரக்கூடாது. பொட்டிக்குள்ள ஈரத்த உறிய ஒரு உப்பு மாதிரி வெச்சிருப்பாங்க. நீலமா இருந்தா நல்லாக்கீதுன்னு அர்த்தம். ரோசு கலரா மாறிட்டா ஈரம் பூந்துடுச்சு, மாத்தணும்."

"லாரில போறப்போ?"

"குலுங்கக்கூடாது. கீழ போட்டா கதை முடிஞ்சிது. வெடிக்காது, ஆனா உள்ள எதுனா நகந்துருக்கும். அப்பறம் அத நம்பி யாரும் ஏவமாட்டாங்க. அதான் பொட்டி மேலயே ஒரு சின்ன டப்பி ஒட்டியிருப்பாங்க. பெருசா குலுங்குச்சுன்னா காட்டிக் குடுத்துடும்."

சவுரியம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "புள்ளத்தாச்சியக்கூட இவ்ளோ பதவிசா இட்டுக்கினு போவமாட்டாங்களே" என்றாள். அக்னஸ் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். நல்ல வெயில் காலம். நான் ஓலக்கூர் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு சாயங்காலம் டி.வி.எஸ். ஃபிப்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் பெரிய நெரிசல். முன்னால் பார்த்தால் வரிசையாகப் பட்டாள லாரிகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு, சிவப்புக் கொடி கட்டி, தார்ப்பாய் மூடி, கடைசியில் ஒரு தீயணைப்பு வண்டியோடு போய்க்கொண்டிருந்தன. சைக்கிள்காரன் எல்லாம் முந்திப் போகிறான். இந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓரமாகவே நெருக்கிப் போய் ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது லாரியில் அமலதாஸ்!

"சகல! யோவ் அமலதாசு! நான்தான்யா டோமினிக்!"

அவன் நேரே ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வழியில் யாரோடும் பேசக்கூடாது, நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அது எனக்குத் தெரியுமா? மூத்த சகலையை நடுரோட்டில் பார்த்துவிட்டு முகம் திருப்பாத குறையாகப் போகிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கூடவே ஓட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து அவன் குலத்தையே இழுத்துத் திட்டினேன். முன் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த சிப்பாய் துப்பாக்கியை லேசாகத் தூக்கி ஏதோ சொன்னான். ஹிந்திதான். ஆனால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

நேரே மாமியார் வீட்டுக்குப் போனேன். அக்னஸ் அடுப்பில் கருவாட்டுக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒம்புருசன் பண்றது உனக்கே ஞாயமா இருக்கா? பாத்தும் பாக்காத மாதிரி போறான்!"

"எங்க மாமா?"

"மெயின் ரோட்லதான். இன்னும் ஊருக்குள்ளயே நுழைஞ்சிருக்கமாட்டான். மாடு முந்திக்கினு போவுது."

அவள் குழம்பைக் கீழே வைத்தாள். டிபன் கேரியரை எடுத்தாள். ஒரு அடுக்கில் சோறு, ஒன்றில் குழம்பு, ஒன்றில் கத்திரிக்காய். மூடி மாட்டினாள். "மாமா, வண்டிய எடுங்க. ஜல்தி."

"அடியே, ராக்கெட்டு வெடிச்சுடப் போவுதுடி!" என்று மாமியார் அலறினாள்.

"வெடிச்சா வெடிக்கட்டும். சோறு ஆறிடும்."

நாங்கள் போய்ப் பிடித்தபோது லாரிகள் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தன. கிட்டே விடவில்லை. பின்னாலேயே போனோம். மயிலத்துக்குத் திரும்புகிற கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் புளியமரங்கள் இருக்கிற இடத்தில் வரிசையாக ஓரம் கட்டினார்கள். அடிக்கடி நிறுத்திப் பெட்டிகளைக் கட்டிய பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். சிப்பாய்கள் குதித்து, சுற்றிலும் கயிறு பிடித்து ஆள் நுழையாமல் நின்றார்கள். அமலதாஸ் இறங்கி டயரைத் தொட்டான், பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தான், தார்ப்பாயைத் தூக்கிப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டான். பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவனால் நிறுத்த முடியாது.

பெரிய மீசை வைத்த சுபேதார் ஒருவர் எங்களிடம் வந்தார். போ போ என்று கையை வீசினார். அக்னஸ் நகரவில்லை.

"அதோ அந்த ஆளு என் புருசன். ராத்திரி சோத்துக்கு வூட்டுக்கு வரணும். அவரால வர முடியல. அதான் சோறு வந்துருக்கு."

சுபேதாருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை டிவியில் புராணத் தொடர் பார்த்துக் கற்றது. அதையே கைகூப்பி அவிழ்த்துவிட்டேன். "ஹே மஹாராஜ்! யே உஸ்கா பத்னி. யே போஜன். கிருபா கரோ மஹாராஜ்!"

அவர் மீசைக்குள் ஏதோ துடித்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. தீக்குச்சி கிழிப்பதுபோல் விரலை உரசிக் காட்டினார். என் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் கொடுத்தேன். பீடிக்கட்டு இன்றுவரை திரும்பி வரவில்லை. பிறகு கேரியரை வாங்கி ஒவ்வொரு அடுக்காகத் திறந்தார். குழம்பு அடுக்கைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அமல்தாஸ்!" என்று கூப்பிட்டு, சீக்கிரம் என்று விரலை ஆட்டினார். இன்னொரு டிரைவர் போய் லாரியருகே நின்றான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அமலதாஸ், இந்தப் பக்கம் அக்னஸ். அவள் அடுக்கைப் பிடித்துக்கொள்ள, அவன் நின்றபடியே அள்ளித் தின்றான். தின்ற வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து பட்டினி போலிருந்தது.

"பொட்டில இன்னா கீது?" என்றாள்.

"மல்லாட்டை" என்றான், வேர்க்கடலை மூட்டை ஏற்றிவந்த வியாபாரி மாதிரி.

"மல்லாட்டைக்கு எதுக்கு இத்தினி துப்பாக்கி?"

"நல்ல வெலை விக்கிது."

மூன்று வருஷத்தில் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க போற?"

"சொல்லக்கூடாது."

"எப்பத் திரும்புவ?"

"அதுவும் சொல்லக்கூடாது."

"கொழம்புல உப்பு?"

அவன் சுபேதாரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மி" என்றான்.

"அத மட்டும் நல்லா சொல்லு" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எங்க அப்பாரு எந்த ரோட்ல நின்னு எதத் தின்னாரோ, யாரு போட்டாங்களோ, ஒருநாளும் எங்களுக்குத் தெரியாது மாமா. வர்ற வழியையே பாத்துக்கினு குந்தியிருந்தோம். எழுந்து போய்ப் பாக்கணும்னு எங்கம்மாவுக்கும் தோணல, எனக்கும் தோணல." மாமனார் முகம் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது.

விசில் அடித்தார்கள். அமலதாஸ் கையைக் கழுவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். கிளம்புகிற எல்லோரும் சொல்வதைப்போல அவனும் சொன்னான்.

"வர்றேன் அக்னஸ்."

"நீ ஒண்ணும் வர வேணாம்."

எனக்குப் பகீரென்றது. இத்தனை தூரம் வண்டியில் ஏற்றிவந்தது இதற்குத்தானா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அமலதாஸ் முகம் செத்துப்போயிற்று. அவள் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூடி, கேரியரின் கம்பியை அழுத்தி மாட்டினாள்.

"க்வார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடு. நான் வர்றேன்."

வாய் திறப்பதற்கு, நிற்பதற்கு, தின்பதற்கு, எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டே பழகிய ஆள் அவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை சிப்பாய்களுக்கும் முன்னால் அழுதானே, அதற்கு மட்டும் அவன் யாரிடமும் கேட்கவில்லை.